பக்கவாதமும் பரம்பரையும்



இன்று என்னைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் பக்கவாதம் என்பதாகும். இது வைத்தியர்கள் பேசவேண்டிய விஷயமாயிற்றே, மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் வைத்தியன் அல்ல. படித்தும், படித்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லப் போகின்றேன். நான் சொல்லுகின்றேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாமல், உங்கள் அறிவுக்குச் சரி என்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் தொடங்குமுன் இந்த ஊர்த் தோழர் ஒருவர் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்து இறந்தாராம். தகப்பனாரின் தமையனாரும் அப்படியேதானாம். இப்போது தன் பெண்ணுக்கு வரன் பார்த்தால், வருகின்றவர்கள் "அது வாதக் குடும்பம், அவர்கள் இரத்தத்திலேயே இருக்கின்றது" என்று சொல்லித் திரும்பிப் போய்விடுகின்றார்களாம். அவர் சொன்னதில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது வேறொன்று. "அய்யா, எனக்கும் ஐம்பது வயது ஆகின்றது. பிரஷர் இருக்கின்றது என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். வம்சத்தில் இருப்பது வந்தே தீரும், அப்புறம் மாத்திரை எதற்கு என்று நிறுத்திவிட்டேன்" என்றார். இந்த ஒரு வாக்கியத்திற்குப் பதில் சொல்லுவதற்காகத்தான் இன்றைய பேச்சு முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகின்றேன். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒருநாள் விடியற்காலம் என் பெரியப்பா திண்ணையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து எழ முடியாமல் சரிந்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. பேச்சு குழறிற்று. வலது கை துணிபோல் தொங்கிற்று. வீட்டில் முதலில் கூப்பிட்டது யாரை? குறி சொல்லுகின்றவரை. அவர் வந்து, குலதெய்வத்திற்கு மூன்று வருஷமாகப் பொங்கல் வைக்கவில்லை என்று கண்டுபிடித்தார். அடுத்தாற்போல என் பாட்டி, "டேய், ஓடிப்போய்ப் புறா ஒண்ணு பிடிச்சிட்டு வாடா" என்றாள். புறாவை அறுத்துச் சுடச்சுட இரத்தத்தைக் கைகாலில் தேய்த்தால் வாதம் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். நானே ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். தேய்த்தார்கள். மறுநாள் பொழுது சாய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டர், "இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்தார். புறா அன்றைக்கே செத்துப் போயிற்று.

இதற்கு நம்மவர் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள். வாதம் என்றால் காற்று. பாரிசவாயு என்றாலும் காற்றுதான். உடம்பின் ஒரு பக்கத்தில் காற்று அடித்துவிட்டது என்று பொருள். நம்மவர்தான் இப்படி என்று வெட்கப்பட வேண்டாம்; வெள்ளைக்காரனும் லேசுப்பட்டவனல்ல. அவன் "ஸ்ட்ரோக்" என்கின்றான். அதற்கு அடி என்று பொருள். யார் அடித்த அடி என்றால், கடவுளின் கை அடித்த அடி என்பதே அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் பேச்சு. இந்தக் காற்றையும் அந்தக் கையையும் விட்டுவிட்டு உள்ளே திறந்து பார்க்கலாம் என்று துணிந்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்து தேசத்து வைத்தியர் வெப்ஃபர் என்பவர். பக்கவாதத்தில் இறந்தவர்களின் தலையை அறுத்துப் பார்த்து, மூளைக்குள் இரத்தம் கொட்டிக் கிடந்ததை 1658-இல் எழுதி வெளியிட்டார்.

அதற்குப் பிறகு தெரியவந்த முக்கியமான சங்கதி என்னவென்றால், பக்கவாதம் என்பது ஒரு வியாதியல்ல என்பதாகும். வெளியே பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே நடப்பது வேறு வேறு. ஒரு வயல் காய்ந்து கிடக்கின்றது என்றால், வாய்க்கால் அடைத்துக்கொண்டும் இருக்கலாம். கரை உடைந்து தண்ணீர் வேறு பக்கம் கொட்டிப் போயும் இருக்கலாம். பயிர் வாடுவது இரண்டிலும் ஒன்றுதான். மூளைக்குப் போகின்ற இரத்தக் குழாய் அடைத்துக்கொள்வது ஒரு வகை. பெரும்பாலோருக்கு வருவது இதுதான். குழாய் வெடித்து இரத்தம் கொட்டுவது மற்றொரு வகை.

அடைப்பிலும் பல தினுசுகள் உண்டு. கழுத்து வழியாகப் போகும் பெரிய குழாயில் கொழுப்புப் படிந்து அடைப்பது ஒன்று. இருதயம் தாளம் தப்பித் துடிப்பதனால் அங்கே இரத்தம் கட்டியாகி, அந்தக் கட்டி ஓடிவந்து மூளையில் சிக்கிக்கொள்வது ஒன்று. மூளைக்குள்ளேயே மயிரிழை போன்ற சின்னக் குழாய்கள் தடித்துச் சுருங்கிப் போவது மற்றொன்று. இரத்தம் கொட்டுவதிலும், மூளையின் ஆழத்தில் கொட்டுவது, மேல்பகுதியில் கொட்டுவது, மூளையைச் சுற்றியுள்ள உறைக்கடியில் கொட்டுவது என்று பேதங்கள் இருக்கின்றன.

இந்தப் பேதங்கள் பண்டிதர்கள் பொழுதுபோக்கிற்காகச் செய்தவை அல்ல. அடைப்பைக் கரைக்கின்ற மருந்து ஒன்று இருக்கின்றது. அதை அடைப்புள்ளவனுக்குக் கொடுத்தால் எழுந்து நடக்கலாம். குழாய் வெடித்தவனுக்குக் கொடுத்தால் உயிரே போய்விடலாம். எந்த வகை என்பதை முகத்தைப் பார்த்தோ நாடியைப் பிடித்தோ சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனிப் பரம்பரை விஷயத்திற்கு வருகின்றேன். தகப்பனிடமிருந்தும் தாயிடமிருந்தும் நமக்குச் சில குணங்கள் வருகின்றன என்பது மெய்தான். அதை நான் மறுக்கவில்லை. மறுப்பது பகுத்தறிவுமாகாது. நம் உடம்பின் ஒவ்வொரு அணுவிலும், அந்த உடம்பை எப்படிக் கட்டுவது என்கின்ற குறிப்பு சுமார் 300 கோடி எழுத்துக்களில் இருக்கின்றது என்று சொல்லலாம். அதில் சில பகுதிகளை மரபணு, அதாவது ஜீன் என்கின்றார்கள். எந்த இரண்டு மனிதர்களை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வித்தியாசப்படும். மேல் ஜாதி என்கின்றவனானாலும் சரி, கீழ் ஜாதி என்று சொல்லப்படுகின்றவனானாலும் சரி, கணக்கு இவ்வளவுதான்.

இந்த வித்தியாசங்களில் சில பக்கவாதத்திற்கு இடங்கொடுக்கின்றன. ஆனால் எப்படி இடங்கொடுக்கின்றன என்பதைக் கவனியுங்கள். "பக்கவாத ஜீன்" என்று ஒன்று கிடையாது. 2007-இல் ஐஸ்லாந்து தேசத்தில் ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தார்கள். அது இருதயம் தாளம் தப்புவதற்கு இடங்கொடுப்பது. ஆகவே இருதயத்திலிருந்து கட்டி வந்து அடைக்கின்ற வகையோடு அதற்குச் சம்பந்தம் உண்டே தவிர, மூளையின் சின்னக் குழாய் தடிப்பதோடு இல்லை. 2012-இல் வேறொன்று கிடைத்தது. அது பெரிய குழாயில் கொழுப்புப் படிகின்ற வகையோடு மாத்திரம் சேர்ந்தது. இன்னொரு மரபணுவின் இரண்டு தினுசுகள், வயதானவர்களுக்கு மூளையின் மேல்பகுதியில் இரத்தம் கொட்டுவதற்கு இடங்கொடுக்கின்றன. இப்படி ஆளுக்கொரு வேலை. 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 1,10,182 பக்கவாதக்காரர்களையும், பக்கவாதம் வராத 15 லட்சம் பேர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 89 இடங்களைக் குறித்திருக்கின்றார்கள். ஒவ்வொன்றும் செய்கின்ற வேலை மிகச் சிறியது.

ஆகவே, "அப்பாவுக்கு வந்தது, பெரியப்பாவுக்கு வந்தது, எனக்கும் வரும்" என்கின்றவரை நான் கேட்பதெல்லாம், எந்த வகை வந்தது என்பதுதான். அப்பாவுக்கு இரத்தம் கொட்டியிருக்கலாம். பெரியப்பாவுக்கு இருதயத்திலிருந்து கட்டி வந்திருக்கலாம். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே சரக்காக மூட்டை கட்டி, அதற்கு வம்சம் என்று முத்திரை போட்டால் என்ன அர்த்தம்?

"அப்படியானால் ஒரே ஜீன் கெட்டு, அதனாலேயே பக்கவாதம் வருகின்ற குடும்பங்கள் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கின்றன. சொற்பம், ஆனாலும் இருக்கின்றன. தலைவலி, சின்ன வயதிலேயே திரும்பத் திரும்பப் பக்கவாதம், பிறகு புத்தி மங்குதல் என்று தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்த குடும்பங்களைப் பிரெஞ்சு தேசத்தில் ஆராய்ந்து, 1996-இல் அதற்குக் காரணமான மரபணுவைப் பிடித்தார்கள். கதிர் அரிவாள்போல இரத்த அணு வளைந்துபோகின்ற இரத்தசோகை இன்னொன்று. இதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. இந்தியாவில் இதை முதன்முதல் கண்டதே நம் நீலகிரியில் மலைவாசிகளிடம்தான், 1952-இல். இந்தச் சோகை குழந்தைகளுக்கே பக்கவாதம் உண்டாக்கக் கூடியது. ஆனால் அமெரிக்காவில் செய்த ஒரு பரீட்சையைக் கேளுங்கள். இந்தச் சோகை உள்ள குழந்தைகளில் ஆபத்து அதிகமென்று கண்ட 130 பேரை எடுத்து, 63 பேருக்கு மாதாமாதம் வேறு இரத்தம் ஏற்றினார்கள். 67 பேருக்கு வழக்கமான வைத்தியம் செய்தார்கள். இரத்தம் ஏற்றாதவர்களில் 11 பேருக்குப் பக்கவாதம் வந்தது. ஏற்றியவர்களில் ஒரே ஒரு குழந்தைக்கு வந்தது. பரீட்சையைப் பாதியிலேயே நிறுத்தி, எல்லாக் குழந்தைகளுக்கும் இரத்தம் ஏற்றச் சொல்லிவிட்டார்கள். 1998-இல் இது வெளியாயிற்று. ஜீன் மாறவில்லை. விதி எங்கே போயிற்று?

இதைவிட அதிசயமானது ஐஸ்லாந்துச் சங்கதி. அதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும்.

ஐஸ்லாந்து வட அட்லாண்டிக் கடலில் இருக்கின்ற ஒரு தீவு. பனியும் எரிமலையும் நிறைந்தது. மீன் பிடித்தலும் ஆடு வளர்த்தலும் அங்கே பழைய ஜீவனம். அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நல்ல பழக்கம்: யார் யாருக்குப் பிறந்தார், எப்போது இறந்தார் என்று பல நூற்றாண்டுகளாக எழுதி வைத்திருக்கின்றார்கள். நம்மவரும் வம்ச வரலாறு வைத்திருக்கின்றோம். ஆனால் அது சூரியனிலிருந்தோ சந்திரனிலிருந்தோ ஆரம்பிக்கும். அவர்களுடையது குடியானவனிலிருந்து ஆரம்பிக்கின்றது.

அந்தத் தீவின் மேற்குக் கரைப் பக்கத்தில் சில குடும்பங்களில், இருபது முப்பது வயது வாலிபர்களும் பெண்களும் மூளையில் இரத்தம் கொட்டி இறந்துகொண்டிருந்தார்கள். அர்னி அர்னசன் என்கின்ற வைத்தியர் இந்தக் குடும்பங்களைத் தேடிப்போய் விசாரித்து, இது பரம்பரையாக வருவது என்று 1935-இல் எழுதினார். பிற்காலத்தில் காரணமும் தெரிந்தது. ஒரு புரதத்திற்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அந்தப் புரதம் மூளைக் குழாய்களின் சுவரில் படிந்து படிந்து, சுவர் நைந்து, கடைசியில் வெடிக்கின்றது. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரக்கூடும். இதைவிடக் கெட்டியான தலையெழுத்து வேறு வேண்டுமா?

இப்போது கேளுங்கள். அந்த எழுத்து மாறியது நேற்று முந்தாநாள் அல்ல; ஏறக்குறைய நானூறு ஐந்நூறு வருஷங்களுக்கு முன். அந்நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டி, இந்த மாறுதலைச் சுமந்திருக்கத்தான் வேண்டும் என்று தெரிந்த மூதாதைகள் எத்தனை வயதில் இறந்தார்கள் என்று கணக்கெடுத்து 2008-இல் வெளியிட்டார்கள். 1825 வாக்கில் பிறந்தவர்கள் சுமார் 65 வயது வரை வாழ்ந்திருக்கின்றார்கள்! அவர்களுடைய கணவன்மார், மனைவிமார், அதாவது அந்த மாறுதல் இல்லாதவர்கள், எவ்வளவு காலம் வாழ்ந்தார்களோ அவ்வளவு காலம் இவர்களும் வாழ்ந்திருக்கின்றார்கள். 1900 வாக்கில் பிறந்தவர்களோ முப்பது வயதிலேயே இறந்திருக்கின்றார்கள். ஒரு குடும்பத்தில் மாத்திரம் இப்படியென்றால் தற்செயல் என்று சொல்லலாம். தனித்தனியாகப் பிரிந்துபோன பல கிளைகளிலும் ஒரே காலத்தில் இப்படி ஆயுள் குறைந்திருக்கின்றது.

மரபணு அதேதான். ஒரு எழுத்துக்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. மாறியது என்ன? வாழ்க்கை மாறிற்று. அந்த நூற்றாண்டில் அவர்கள் சாப்பாடு மாறியது. காய்ந்த மீன், வெண்ணெய், புளித்த மோர்த் தண்ணீரில் ஊறவைத்த இறைச்சி என்று இருந்த இடத்தில், கப்பலில் வந்த மாவும் சர்க்கரையும் உப்பும் நுழைந்தன. இவற்றில் எது குற்றவாளி என்று ஆராய்ச்சிக்காரர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. சாப்பாட்டின் மேல் சந்தேகம் என்றுதான் சொல்லுகின்றார்கள். அது போகட்டும். இவ்வளவு கெட்டியான ஜீனே வாழ்க்கை மாறினால் முப்பத்தைந்து வருஷ ஆயுளைக் கொடுக்கவும் பறிக்கவும் விட்டுவிடுகின்றது என்றால், நம்மில் பெரும்பாலோரிடம் இருக்கின்ற பலவீனமான அந்தச் சின்னச் சின்ன வித்தியாசங்கள் எம்மாத்திரம்?

அவற்றையும் அளந்து பார்த்திருக்கின்றார்கள். இங்கிலாந்தில் 3,06,473 பேர்களை ஏழு வருஷம் போலக் கவனித்து வந்தார்கள். அவர்களில் 2,077 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மரபணு வித்தியாசங்களைக் கணக்கிட்டு, ஆபத்து அதிகமுள்ளவர், குறைவானவர் என்று பிரித்தார்கள். பீடி சிகரெட்டு, சாப்பாடு, உடல் பருமன், உடம்பை அசைத்து வேலை செய்தல் ஆகிய நான்கையும் வைத்து மற்றொரு விதமாகவும் பிரித்தார்கள். மரபணு கெட்டவர்களுக்கு ஆபத்து நூற்றுக்கு 35 பங்கு அதிகம். பழக்கம் கெட்டவர்களுக்கோ 66 பங்கு அதிகம். பங்கு என்றால் பயந்துவிடாதீர்கள். ஆயிரத்தில் ஆறு பேருக்கு வருகின்ற இடத்தில், மரபணு கெட்டால் எட்டுப் பேருக்கு வரும், பழக்கம் கெட்டால் பத்துப் பேருக்கு வரும் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பழக்கத்தின் லாபம், மரபணு நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒன்றுபோலவே கிடைத்தது. 2018-இல் வெளியான கணக்கு இது. இந்தியா உள்பட 32 தேசங்களில் செய்த வேறொரு ஆராய்ச்சியில், மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பக்கவாதத்தில் பத்தில் ஒன்பது பங்கிற்குப் பொறுப்பு என்று கண்டார்கள். அதில் இரத்த அழுத்தம் ஒன்று மாத்திரமே ஏறக்குறையப் பாதி.

மாத்திரையை நிறுத்திய தோழருக்குச் சொல்லுகின்றேன். நான் சொன்ன 89 இடங்களில் பல, பக்கவாதத்தை நேராகக் கொண்டுவந்து விடுபவையல்ல. அவை இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடுகின்றன. அந்த அழுத்தம் குழாயைக் கெடுக்கின்றது. அதாவது உங்கள் வம்சம் எந்த வழியாக உங்களைத் தாக்க வருகின்றதோ, அந்த வழியில்தான் மாத்திரை காவல் நிற்கின்றது. "வம்சத்தில் இருக்கின்றது, ஆகவே மாத்திரை வேண்டாம்" என்பது, இந்தத் தெருவில் திருடன் வருவான், ஆகவே கதவைத் திறந்து வைப்போம் என்பது போன்றதாகும். வம்சத்தில் இருக்கின்றவனுக்குத்தான் மாத்திரை மற்றவனைவிட அதிகம் வேண்டும்.

வம்சம் என்பது ஜீன் மாத்திரமல்ல என்பதையும் யோசியுங்கள். தகப்பனிடமிருந்து மகனுக்கு ஊறுகாய் ஜாடியும் வருகின்றது, கருவாடும் வருகின்றது, பீடிக்கட்டும் வருகின்றது, "டாக்டர் கிடக்கிறான் போ" என்கின்ற வாயும் வருகின்றது. இவ்வளவையும் எடுத்துக்கொண்டு, பழியை மாத்திரம் இரத்தத்தின்மேல் போடுவது எந்த நியாயம்?

பெண் பார்க்க வந்தவர்களைப்பற்றி ஒரு வார்த்தை. பத்துப் பொருத்தம் பார்க்கின்றவர்கள், மாப்பிள்ளைக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு, அவர் எத்தனை சிகரெட்டுக் குடிக்கின்றார் என்று கேட்பதுண்டா? பெண்ணின் பாட்டன் எப்படிச் செத்தான் என்பதில் மாத்திரம் இவர்களுக்கு எங்கிருந்து விஞ்ஞானம் வந்துவிடுகின்றது? ஜாதகத்திற்குப் பதிலாக இப்போது எச்சிலை வாங்கிக்கொண்டு எதிர்காலம் சொல்லுகின்ற வியாபாரமும் கிளம்பியிருக்கின்றது. அந்தக் கணக்குகளில் மிகுதியும் ஐரோப்பியரைப் பார்த்துப் போட்டவை. நமக்கு அப்படியே ஒட்டாது. சின்ன வயதில் காரணம் தெரியாமல் பக்கவாதம் வந்தவருக்கும், வீட்டில் பலருக்கு இளவயதிலேயே வந்திருப்பவருக்கும் டாக்டர் சொன்னால் ஜீன் பரீட்சை பிரயோஜனப்படும். மற்றவர்கள் அந்தப் பணத்திற்கு இரத்த அழுத்தம் பார்க்கின்ற கருவி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, விழுந்துவிட்டால் என்ன செய்வது? முகம் ஒரு பக்கம் கோணுகின்றதா, தூக்கிய கை தானே கீழே இறங்குகின்றதா, பேச்சு குழறுகின்றதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் போதும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாயிருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், விக்கிப் போகும். யாரோ சொன்னார் என்று ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்காதீர்கள். உள்ளே இரத்தம் கொட்டுகின்றதா என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்கேன் எடுக்கின்ற வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிஷத்திற்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கின்றார்கள். நான் புறாவைத் துரத்திக்கொண்டிருந்தது அரைமணி நேரம் இருக்கும்.

நேரமாகிவிட்டது. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். பந்தல் வாசலில் தோழர் ஒருவர் இரத்த அழுத்தக் கருவியோடு உட்கார்ந்திருக்கின்றார். காசு கிடையாது. தாய்மார்கள் முதலில் போகலாம். மாத்திரையை நிறுத்திய தோழர் எங்கேயிருக்கின்றார்? அதோ, பின்னால் தூணுக்குப் பக்கத்தில். அய்யா, நானும் வரிசைக்கு வருகின்றேன். என் பெரியப்பா வீட்டு இரத்தம்தானே எனக்கும்! நீங்கள் எனக்கு முன்னால் நில்லுங்கள்.